அபெனாவின் தலைமுடியும் ஊரின் கவலையும்

1

இன்று சனிக்கிழமை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் மகள் அபெனாவுக்குத் தலை கழுவிவிடும் நாள். அண்ணன் மகள் ஜின்ஷாவுக்குக் கல்யாணமாகி இன்றோடு ஒரு வருடம் என்பது காலையில் குடும்ப வாட்ஸ்அப்பில் குவிந்த வாழ்த்துகளைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த வாழ்த்துகளுக்கு நடுவே வெள்ளறடையிலிருக்கும் பெரியம்மை மகள் எனக்கென்று ஒரு குரல் பதிவு போட்டிருந்தாள்.

"ஜஸ்டஸ் அண்ணா, பிள்ளைக்க முடி இப்பம் செரியாச்சா?"

ஒரு வருடமாக ஊரில் யார் அழைத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அம்மையின் மூட்டுவலியை விசாரித்தால் அந்தப் பதிலின் கடைசியிலும் இது இருக்கும். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டேன். பாறசாலையில் நான் பையனாகப் படித்துக் கிடந்த வாசகசாலைக்காரர்கள் தங்கள் ஆண்டு மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பனி, ரயில், அரண்மனை என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் முடியைப் பற்றி எழுதுகிறேன். விசாரித்தவர்கள் எல்லாரும் மலர் வாங்கிப் படித்துக்கொள்ளலாம்.

அபெனாவின் முடி சரியாகத்தான் இருக்கிறது. போன வருடமும் சரியாகத்தான் இருந்தது.

2

அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் கேரளத்தின் தென்கோடியில், பாறசாலையை அடுத்த கொல்லயில் என்ற ஊரின் பக்கத்துக்காரன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கவென்ட்ரி என்ற ஊரில் பஸ் ஓட்டுகிறேன். மனைவி அகோசுவா கானா நாட்டுக்காரி, பிரசவ வார்டில் வேலை. நாங்கள் கல்யாணம் செய்தபோது ஊரிலிருந்து யாரும் வரவில்லை. அபெனாவுக்கு மூன்று வயதானபோது தூக்கிக்கொண்டு நாங்களே போனோம். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை உண்டு. அபெனா என்றால் கானாவில் செவ்வாய்க்கிழமை பிறந்தவள். இப்போது அவளுக்குப் பதினாறு.

அகோசுவாவுக்குச் சனி ஞாயிறு முழுக்க ஆஸ்பத்திரி. எனக்குச் சனிக்கிழமை விடுமுறை. அதனால் அபெனா ஆறு வயதாக இருக்கும்போதே தலை கழுவும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் ஊரில் பெண்கள் செய்வதைப்போல உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தேன். பிள்ளை அலறினாள். சீப்பில் ஒரு கொத்து முடி வந்தது. அகோசுவா வந்ததும் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"நுனியில் வெள்ளையாகக் குமிழ் இருந்தால் தானாக உதிர்ந்த முடி. அதற்குக் கவலை இல்லை. இதில் குமிழ் எங்கே? இது முழுக்க நீ ஒடித்தது."

அன்றிலிருந்து படிக்கத் தொடங்கினேன். அந்த முடியின் ஒவ்வொரு இழையும் ஸ்பிரிங் போலச் சுருண்டு வளர்வது. தலையில் ஊறும் எண்ணெய் அந்தச் சுருளில் இறங்கி நுனிவரை போகாது. அதனால் நுனி எப்போதும் காய்ந்திருக்கும், காய்ந்தது ஒடியும். சீப்பு பல் அகன்றதாக இருக்க வேண்டும். முடியை நான்காகப் பிரித்து, கண்டிஷனர் வழுவழுப்போடு, நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். தடித்த டவலால் தேய்த்தால் இழை சிக்கி அறுந்துவிடும். எங்கள் வீட்டில் பாலராமபுரம் தோர்த்து ஐந்தாறு உண்டு. அந்த மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுப்போம். படுக்கும்போது சாட்டின் துணியால் தலையைச் சுற்றிக் கட்ட வேண்டும், தலையணை உறை முடியிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடாமல் இருக்க.

மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரம்தான் அவள் என்னோடு தமிழ் பேசுகிற நேரமும். பதின்மூன்று வயதுக்குப் பிறகு மற்ற நாட்களில் அவளிடமிருந்து எனக்குக் கிடைப்பது காதில் மாட்டிய ஹெட்போனும் மூடிய கதவும்தான். சனிக்கிழமை தலை என் கையில் இருப்பதால் அவளால் எழுந்து போக முடியாது. ஒரு தேங்காயை வைத்துக்கொண்டே பல வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தேன். மட்டை, மட்டையை உரித்தால் வரும் நாரான தும்பு, சிரட்டை, காய்ந்த பாளையான கொதும்பு. நன்றாகப் படித்துக்கொண்டாள்.

3

அந்த வார்த்தைகளில் ஒன்று என் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்தது.

போன வருடம் மார்ச்சில் ஜின்ஷாவின் கல்யாணம் நிச்சயமானதும் அண்ணன் ஆல்பர்ட்டும் அவர் மனைவி ஷீலா மைனியும் வீடியோவில் அழைத்தார்கள். அபெனா அப்போதுதான் குளித்துவிட்டு முடியை விரித்துப் போட்டபடி எனக்குப் பின்னால் நடந்து போனாள். மைனி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அய்யோ, பிள்ளைக்க தலை என்ன, தேங்காத் தும்பு கணக்கா நிக்குது."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கல்யாணப் பேச்சில் எதற்கு மனக்கசப்பு என்று சிரித்து மழுப்பிவிட்டேன். அவளுக்குப் புரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தும்பு என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

ஜூன் கடைசியில், பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, ரிலாக்ஸர் போட வேண்டும் என்றாள். சுருள் முடியை நிரந்தரமாக நேராக்குகிற கார மருந்து அது. அகோசுவாவுக்கு விருப்பமில்லை. சிறு வயதில் அவளுக்குத் தலைத் தோல் வெந்த அனுபவம் உண்டு. இரண்டு வாரம் தாயும் மகளும் வாதாடினார்கள். கடைசியில், "உன் தலை. ஆனால் தெரிந்த கையால், என் கண் முன்னால்" என்று அகோசுவா சொன்னாள். தனக்குத் தெரிந்த ஒரு கானாக்காரப் பெண்ணின் சலூனுக்குக் கூட்டிப்போனாள். தோலில் வாஸ்லின் பூசி, நேரம் பார்த்து மருந்து வைத்தார்கள். அலசுகிற ஷாம்பூவின் நுரை இளஞ்சிவப்பாக இருக்கும்வரை மருந்து போகவில்லை என்று அர்த்தமாம். வெள்ளையாகும்வரை அலசினார்கள்.

வீட்டுக்கு வந்த மகளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முடி தோளுக்குக் கீழே வழிந்து கிடந்தது. "ஊருக்குப் போறதுக்கு நல்லா இருக்கா அப்பா?" என்று கேட்டாள். ஊருக்கு என்ற அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் எனக்கு மார்ச் மாதத்துச் சிரிப்பு நினைவுக்கு வந்தது. 

சனிக்கிழமைகள் இன்னும் கவனமாக மாறின. நேராக்கிய முடி பார்க்கப் பளபளக்கும், உள்ளே பலம் குறைந்திருக்கும். சூடான இஸ்திரிக் கம்பி தொடக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. வாரங்கள் போகப்போக வேரிலிருந்து பழைய சுருள் முளைக்கும். புதிய சுருளும் பழைய நேர்முடியும் சந்திக்கும் இடம்தான் ஒடிவதற்கு ஏற்ற இடம். அங்கே சீப்பைவிட விரல் நல்லது. மறுபடி மருந்து வைக்கும்போதும் புதிதாக முளைத்ததில் மட்டும்தான் வைக்க வேண்டும்.

4

ஆகஸ்ட்டில் நானும் அபெனாவும் மட்டும் ஊருக்குப் போனோம். அகோசுவாவின் விசா நாங்கள் விமானம் ஏறி நான்கு நாள் கழித்து வந்தது, அதற்குள் அவள் லீவை ரத்து செய்துவிட்டிருந்தாள். படிவத்தில் கணவர் பெயர் ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்ததாம்.

முதல் சனிக்கிழமை கிணற்றடியில் ஸ்டூல் போட்டு அபெனாவை உட்கார வைத்தேன். மதில்மேல் தலைகள் முளைத்தன. பக்கத்து வீட்டுப் பெண் என்ன செய்கிறீர்கள் என்று கேட்க, அபெனாவே பதில் சொன்னாள்: "மெல்ல சீவணும். இல்லெங்கி முடி உடஞ்சு போவும்."

"முடி உடயுததுக்கு அது என்ன கண்ணாடியா?" என்று அவர்கள் சிரித்தார்கள். பொட்டிப்போகும் என்றுதான் நம் ஊரில் சொல்வோம். நான் திருத்தவில்லை. அந்த முடிக்கு உடையும் என்ற சொல்தான் பொருத்தம்.

அண்ணன் காப்பி டம்ளரோடு வந்து நின்று பார்த்தார்.

"எலே ஜஸ்டஸே, இந்தச் சோலி படிக்கவா நீ கடல் கடந்து போனே?"

"பஸ்சு ஓட்டவும் படிச்சேன், இதும் படிச்சேன். இதுதான் கஷ்டமாக்கும்."

"ஆம்பிள இருந்து பொம்பளப் பிள்ளைக்குத் தலை சீவுனா ஆளுவ என்ன சொல்லும்?"

"சொல்லட்டு அண்ணா. மதிலுக்கு அங்ஙன நிண்ணுதானே சொல்லுது."

அண்ணன் காப்பியை முடிக்காமலேயே உள்ளே போய்விட்டார்.

அன்று மத்தியானம் மைனி விஷயத்தைச் சொன்னாள். கல்யாணம் வருகிற வெள்ளிக்கிழமை. முந்தின நாள் பாறசாலையில் பிந்துவின் பார்லரில் கல்யாணப் பெண்ணுக்கும் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் முடியை நேராக்கும் ஸ்மூத்னிங் ஏற்பாடு செய்தாயிற்று. "அபெனாக்கும் சேத்துப் பறஞ்சிட்டுண்டு. வேரில பழயபடி சுருண்டு நிக்குதே, அதும் செரியாயிடும்."

"அவளுக்கு வேண்டாம் மைனி. அவளுக்க முடியில ஏற்கெனவே ஒரு மருந்து ஏறியிருக்கு. இஞ்ச போடுதது வேற ஜாதி மருந்து. ஒண்ணுக்க மேல ஒண்ணு பட்டா முடி வெந்து கரஞ்சு போவும்."

"நேராக்குததுக்கு மேல நேராக்குதத போட்டா இன்னும் நல்லா நேராவும். வேவுததுக்கு அது என்ன கெழங்கா? பிந்துக்குத் தெரியாத மருந்தா?"

"அவங்களுக்கு மருந்து தெரியும். இந்த முடிய அவங்க கண்டதில்ல."

மைனி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். பேச்சு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

5

வியாழக்கிழமை நான் நெய்யாற்றின்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் பள்ளிச் சான்றிதழில் தமிழில் யுஸ்துராஜ் என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஜஸ்டஸ் ராஜ். அபெனாவின் காகிதங்களுக்காக, இந்த இருவரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. ஐம்பது வருடம் ஒரே ஆளாக வாழ்ந்துவிட்டு அதற்குச் சாட்சிகளின் கையெழுத்துக்கு அலைவது விசித்திரமான அனுபவம். குமாஸ்தா மலையாளத்தில் கேட்டார், நான் மலையாளத்தில் சொன்னேன். அவர் தாளை நீட்டியதும் கவென்ட்ரியில் நன்றி சொல்லும் பழக்கதோஷத்தில் "சியர்ஸ்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அப்போதுதான் போனில் அபெனாவின் செய்தி வந்தது. 'பெரியம்மை பார்லருக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. கத்தாதே. வா.' மைனியைத்தான் அவள் பெரியம்மை என்று கூப்பிடுவாள்.

ஆட்டோ பிடித்தேன். அமரவிளையில் வண்டிகள் மழையில் நகராமல் நின்றன. போன் செய்தால் அவள் எடுக்கவில்லை. மருந்தைத் தலையில் குழைத்துப் பூசிவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். ஒன்பது வருடச் சனிக்கிழமைகள் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் போகப்போகின்றன என்று நினைத்தேன். அதைவிட, இந்தப் பிள்ளை யாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாளோ என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை.

நான் படியேறி பார்லருக்குள் போனேன். ஜின்ஷாவும் மற்றப் பிள்ளைகளும் தலையில் மருந்தோடு வரிசையாக இருந்தார்கள். அபெனா கடைசி நாற்காலியில், சாட்டின் துணி கட்டிய தலையோடு. பிந்து கையில் ஒரு கிண்ணத்தைப் பிடித்திருந்தாள்.

"ஜஸ்டஸ் அண்ணா, நான் பிள்ளைக்க தலையில தொட்டுகூட இல்ல," என்றாள் பிந்து முதல் வேலையாக. "இவதான் இதக் காட்டித் தந்தா."

நடந்தது இதுதான். மைனி நாற்காலியைக் காட்டியதும் அபெனா உட்கார்ந்திருக்கிறாள். பிறகு தன் பையிலிருந்து சீப்பை எடுத்து, அதில் சிக்கியிருந்த உதிர்ந்த முடியை விரலில் சுற்றி, நூலால் கட்டி பிந்துவிடம் நீட்டியிருக்கிறாள். "அக்கா, மொதல்ல இதில போடுங்க. எனக்க தலையில பெறவு போடலாம்." பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். பிந்து மட்டும் சிரிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களின் முடியை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் படிப்பித்திருக்கிறார்கள், அவசரத்தில் யாரும் செய்வதில்லை. மருந்தில் போட்டுவைத்தாள். கால் மணி நேரத்தில் அந்த முடி ஊறிப்போன சேமியா போலானது. எடுத்து இழுத்தால் பசையாக நீண்டு அறுந்தது.

கிண்ணத்தை என்னிடம் காட்டினாள். "பத்து பன்னிரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படி நான் கண்டதில்ல. அக்கா பறஞ்சாலும் செரி, நான் செய்யமாட்டேன்."

மைனியின் முகம் சிவந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் தோற்றுவிட்டதாக நினைத்தாள். "செரி, வேண்டாம். அப்பம் நாளைக்குத் தலையில ஒரு ஷால் போட்டுட்டு வரட்டு. சர்ச்சுல மாப்பிள்ள வீட்டு ஆளுவ நெறய வரும்."

நான் வாயைத் திறந்தேன். அபெனா என் கையைப் பிடித்தாள். எழுந்து நின்று, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"பெரியம்மை, அண்ணைக்கு போன்ல நீங்க தும்புண்ணு பறஞ்சது எனக்கு மனசிலாச்சு. தும்புண்ணா என்னாண்ணும் தெரியும். அதுக்குதான் நான் இந்த மருந்து போட்டேன். இனி ஒரு மருந்து போடமாட்டேன். ஷாலும் போடமாட்டேன்."

"நான் சும்மா சொன்னதாக்கும் மக்கா."

"நான் சும்மா கேக்கல்ல."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பாவும் சிரிச்சாரு" என்றாள். அதை அவள் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் புரிய வேண்டும் என்று தமிழில்தான் சொன்னாள்.

"ஆமா," என்றேன். "சிரிச்சேன். தப்புதான் மக்கா."

 இருவரும் மழையிலேயே வீட்டுக்கு நடந்தோம். அவள் தலைக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு வந்தேன்.

6

கல்யாணத்தன்று காலையில் முடியைத் தாழ்வாக, தளர்த்தியாக ஒரு கொண்டையாகச் சுற்றிக் கட்டினேன். நெற்றியோரத்து மெல்லிய முடியை இழுக்கவில்லை. வேரில் சுருண்டிருந்ததைச் சுருண்டபடியே விட்டேன். போனில் பார்த்துக்கொண்டிருந்த அகோசுவா இடப் பக்கம் கொஞ்சம் கோணல் என்றாள். அபெனா பரவாயில்லை என்றாள். அம்மா கொடுத்துவிட்ட, கானாவின் வண்ண நெசவான கென்டே துணியில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

ஸ்மூத்னிங் செய்தவர்கள் மூன்று நாள் முடியை நனைக்கக் கூடாது. வெளியே கொட்டுகிற மழை. காரிலிருந்து சர்ச் வாசல்வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு ஆள் குடை பிடித்தார்கள். அபெனா யாருடைய குடைக்கும் காத்திருக்காமல் நடந்து போனாள்.

குடும்பப் படம் எடுக்கும்போது மைனி காமிராக்காரர் காதில் ஏதோ சொன்னாள். அவர் அபெனாவைப் பார்த்து, "அந்த மோள் கொஞ்சம் பின்னால நிக்கட்டு, உயரம் ஒத்து வரல்ல" என்றார். ஜின்ஷாவைவிட அவள் குட்டை. என் மகள் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்துவிட்டாள். நான் போய் அவள் தோளைப் பிடித்து முன் வரிசைக்குக் கொண்டுவந்து பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"நாங்க ரெண்டு பேரும் இஞ்சதான் நிப்போம்."

காமிராக்காரர் அண்ணனைப் பார்த்தார். எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பின்ன என்ன, எடும் வே. நேரமாச்சு."

மைனி நாங்கள் விமானம் ஏறும்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. இங்கே வந்த பிறகு, இனி ரிலாக்ஸர் வேண்டாம் என்று விட்டுவிடுவாள் என நானும் அகோசுவாவும் நினைத்தோம். கொஞ்சம் ஆசையும் பட்டோம். அபெனா அக்டோபரில் ஒருமுறை வேரில் மட்டும் மருந்து வைத்துக்கொண்டாள். தனக்கு இப்போது இது பிடித்திருக்கிறது என்றாள். யாருக்காகவும் இல்லையாம். அடுத்த வருடம் மொட்டை அடித்தாலும் அடிப்பாளாம். இரண்டையும் நம்புகிறேன். அவள் தலையில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது என் வேலை அல்ல, பாறசாலையின் வேலையும் அல்ல. அது ஒடியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. போன மாதம் நுனி அரை அங்குலம் வெட்டினோம். குமிழ் இல்லாத முடி சீப்பில் இப்போது அபூர்வம்.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, மத்தியானம், மைனி அழைத்தாள். ஒரு வருடத்தில் அவளாக என்னை அழைப்பது இது மூன்றாவது தடவை. அபெனா தலையில் கண்டிஷனர் பூசி பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு சமையலறையில் இருந்தாள். நான் ஸ்பீக்கரில் வைத்தேன்.

ஜின்ஷாவுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. டிசம்பரில் ஞானஸ்நானம், கட்டாயம் வர வேண்டும் என்றாள். வாறோம் என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜஸ்டஸே, நான் பறஞ்சாக் கோவப்படப்பிடாது. வரும்போது பிள்ளைக்க முடிய மட்டும்…" என்று தொடங்கினாள்.

அபெனா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"பெரியம்மை, நான் அபெனா. பாப்பாக்கு முடி உண்டா?"

 "உண்டு மக்கா. நெறய உண்டு."

"நேரா, சுருட்டையா?"

"சுருட்டையாக்கும். ஜின்ஷாக்கு சின்னதில இருந்த கணக்கா."

"செரி. அதில யாரும் ஒண்ணும் பூசாண்டாம்ணு பறயுங்க. சீப்பும் வைக்காண்டாம். நான் வாறேன்."